பூங்காவும் புறநிலமும்



சென்ற விடுமுறையில் நம் சங்கத்து நண்பர்கள் எண்மர், கோப்போலி அருகேயுள்ள இமாஜிகா கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்று வந்தோம். மும்பை-புனே விரைவுச் சாலையை அடுத்து 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பூங்கா அது. தலைகீழாகச் சுழற்றும் வண்டியில் ஏறினோம், அலறினோம், தள்ளாடி இறங்கினோம், மறுபடியும் வரிசையில் நின்றோம். ஆனால் அன்றிரவு விடுதியில் பேச்சு எழுந்தது அந்த வண்டியைப் பற்றி அல்ல, நிலத்தைப் பற்றி.

வணிகவியல் பயிலும் நண்பர் ஒருவர் தொடங்கி வைத்தார். பூங்காவை நிறுவியவர்கள் வாங்கிய நிலம் ஏறக்குறைய 300 ஏக்கர். ஆட்டங்களுக்கும் விடுதிக்கும் போக எஞ்சியது மிகுதி. கடன் நெருக்கியபோது, அந்த உபரி நிலத்தை விற்றுக் கடனைக் குறைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. 2022இல் பூங்காவே வேறொரு குழுமத்தின் கைக்கு மாறியது. இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பர் கேட்டார்: “அவர்கள் நிலம், அவர்கள் உரிமை, விற்க நினைத்தார்கள். இதில் நமக்கென்ன?”

சோற்றில் கை வைத்திருந்த நான் அப்போது விடை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

விற்கும் உரிமையை நான் மறுக்கவில்லை. விற்கும் விலை யாரால் வந்தது என்பதே என் கேள்வி. அதற்கு விடை காண அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டும்.

1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், கலிபோர்னியாவில் அனஹைம் என்னும் ஊரில் வால்ட் டிஸ்னி தம் முதற் பூங்காவைத் திறந்தார். ஆரஞ்சுத் தோப்பாக இருந்த இடம், 160 ஏக்கர். கூட்டம் பெருகிற்று. உடனே சுற்றிலும் தங்கும் விடுதிகளும் கடைகளும் முளைத்தன. பூங்காவுக்கு வந்த கூட்டத்தால் பக்கத்து நிலக்காரர்கள் பணம் பார்த்தார்கள். டிஸ்னி இதைக் கண்டு மனம் நொந்தார். அடுத்த முறை சுற்றுப்புறமும் தம் கையில் இருக்க வேண்டும் என முடிவு செய்தார்.

அந்த அடுத்த முறைதான் பிளாரிடா. அங்கே 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கப்பட்டது. வாங்குபவர் யார் என்று விற்றவர்களுக்குத் தெரியாது. வெவ்வேறு பெயர்களில் அமைக்கப்பட்ட நிறுவனங்கள் வாங்கின. சராசரி விலை ஏக்கருக்கு 200 டாலருக்கும் குறைவு. 1965 அக்டோபரில் உள்ளூர்ச் செய்தித்தாள் உண்மையை வெளியிட்டது. விலை விண்ணுக்கு ஏறிற்று. அதற்குள் வேண்டிய நிலம் பெரும்பாலும் கைக்கு வந்துவிட்டது. 1967இல் மாநில அரசு தனிச் சட்டம் இயற்றி, அந்நிலப் பரப்பைத் தனி ஆட்சிப் பகுதியாக்கி, சாலையும் வடிகாலும் அமைக்கவும் வரி விதிக்கவும் கட்டட விதி வகுக்கவும் அதிகாரம் தந்தது. 2023 வரை அந்தப் பகுதி டிஸ்னி நிறுவனத்தின் சொற்படியே நடந்தது. அவ்வாண்டில்தான் மாநில ஆளுநர் நியமிக்கும் குழுவின் கைக்கு அது மாறிற்று.

பூங்கா 1971இல் திறந்தது. பிறகு, நிலம் சிறிது சிறிதாக விற்பனைக்கு வந்தது. ஏறக்குறைய 4,900 ஏக்கரில் ‘செலிப்ரேஷன்’ என்னும் ஊரை உருவாக்கினார்கள். 1996இல் மக்கள் குடிபுகுந்தனர். முன்னதாகவே அவ்வூர் தனி ஆட்சிப் பகுதியிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. குடிவந்தோர் அங்கே வாக்காளர்களாகிவிட்டால் அதிகாரம் கை மாறிவிடும் அல்லவா! 2004இல் ஊரின் நடுவேயிருந்த கடைவீதியையும் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். டிஸ்னி என்ற பெயரை நம்பி வீடு வாங்கியவர்கள் அங்கேயே இருந்தார்கள், பெயருக்குரியவர் விலகிக்கொண்டார். 2010இல் ‘கோல்டன் ஓக்’ என்னும் குடியிருப்பை அறிவித்தபோது, ஒரு வீட்டின் தொடக்க விலை 15 இலட்சம் டாலர். ஏக்கர் 200 டாலருக்கும் குறைவாகக் கொண்ட மண் அது. கட்டடச் செலவையும் பண வீக்கத்தையும் எவ்வளவு கழித்தாலும், மண் என்ன விலை ஏறிற்று என்பது விளங்கும்.

இந்த ஏற்றத்தைத் தந்தவர் யார்? பூங்காவைக் கற்பனை செய்தவருக்கு அதில் பங்குண்டு. பெரும்பங்கு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே இரு பெருஞ்சாலைகள் அதன் அருகே கூடியதால்தான். அந்தச் சாலைகள் மக்களுடையவை. அதிகாரம் தந்த சட்டமும் மக்கள் மன்றத்தின் சட்டம். ஆகவே, விலையில் ஒரு பகுதி ஊரார் உண்டாக்கியது. விற்றுவிட்டுப் போன பழைய உடையவருக்கோ அதில் ஒரு காசும் இல்லை.

“அவர்கள் விரும்பித்தானே விற்றார்கள்?” என்பார் நண்பர். விரும்பித்தான் விற்றார்கள். சதுப்பு நிலத்துக்கு விலை கிடைத்ததே என்று மகிழ்ந்தவர்களும் இருப்பார்கள். ஆனால் அந்தப் பேரத்தில் ஒருவருக்கு நாளை வரப்போவது தெரியும், மற்றவருக்குத் தெரியாது. செய்தி வெளிவந்த அன்றே விலை ஏறியதே, அது ஒன்று போதாதா?

“முதல் போட்டவர் இடரையும் ஏற்கிறாரே?” என்றும் கேட்பார். நியாயமான கேள்வி. பூங்காவில் இடர் உண்டு. அதன் இலாபம் முழுதும் அவருக்கே உரியது. உபரி நிலத்தில் என்ன இடர்? பூங்கா வென்றால் நிலத்தின் விலை ஏறுகிறது. பூங்கா தோற்றாலும் நிலத்தை விற்றுக் கடனை அடைக்கலாம்.

வேறு வழி இல்லையா? உண்டு. பாரிசுக்குக் கிழக்கே, மார்ன்-லா-வல்லே என்னும் இடத்தில் இதே டிஸ்னி நிறுவனம் பூங்கா அமைக்க வந்தபோது, 1987இல் பிரெஞ்சு அரசு அதனுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. 1,943 எக்டேர் விளைநிலம். பாரிஸ் நகரின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. நிறுவனத்துக்கு அங்கேயும் நல்ல வேட்டைதான்: மலிவு விலை நிலம், மக்கள் பணத்தில் இருப்புப் பாதை. ஆயினும் வாங்குபவர் யார், எதற்கு என்பது ஊரறிய எழுதப்பட்டது. நிலம் முழுதும் ஒரே நாளில் கைமாறவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகே நிலம் விடுவிக்கப்பட்டது. குறைகள் இருக்கலாம், கணக்கு கேட்க ஓர் ஏடாவது இருக்கிறது.

நம் நாட்டில்? 2014 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில், 102ஆம் பிரிவு என்று ஒரு நல்ல பிரிவு இருக்கிறது. கையகப்படுத்திய நிலத்தை எந்த மேம்பாடும் செய்யாமல் ஐந்தாண்டுக்குள் விற்றால், ஏறிய விலையில் 40 விழுக்காட்டைப் பழைய உடையவர்களுக்கோ அவர்தம் வாரிசுகளுக்கோ பகிர்ந்து கொடுக்க வேண்டும். நம் சட்டமே ஒப்புக்கொண்ட நீதி இது! ஆனால் அரசு கையகப்படுத்திய நிலத்துக்கு மட்டுமே இது பொருந்தும். நிறுவனம் நேராகப் பேசி வாங்கிய நிலத்தை இது தொடாது. ஆறாம் ஆண்டில் விற்றாலும் தொடாது.

இந்த நீதியை நீட்டிப்பது இயலாத செயலன்று. விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்ற அரசின் அனுமதி வேண்டும். பெரும் பரப்பில் பூங்கா கேட்டு வருவோரிடம், அந்த அனுமதியிலேயே மூன்று நிபந்தனைகளை எழுதலாம். பூங்காவுக்கு இவ்வளவு, உபரி இவ்வளவு என்று முதலிலேயே அறிவிக்க வேண்டும். உபரியை இருபது ஆண்டுக்குள் விற்றால், ஏறிய விலையில் ஒரு பங்கு முதலில் விற்ற குடும்பங்களுக்கும் ஊராட்சிக்கும் சேர வேண்டும். புதிதாக வாங்குபவரும் சாலைக்கும் தண்ணீருக்கும் பழையவர் தந்த வாக்கைக் காக்க வேண்டும். இதனால் பூங்கா வராமல் போய்விடுமா? ஆட்டத்தை நம்பி வருபவர் வருவார். மண்ணை மட்டும் நம்பி வருபவர் வரமாட்டார். அவர் வராததால் நாம் இழப்பது ஒன்றுமில்லை.

நம்மிடையே சட்டம் படிப்போர் இருக்கிறார்கள். வணிகம் படிப்போர், பொறியியல் படிப்போர் இருக்கிறார்கள். இன்னும் பத்தாண்டில், எங்கோ ஒரு மாவட்ட அலுவலகத்தில் இத்தகைய அனுமதித்தாள் ஒன்று மேசைக்கு வரும். அந்த மேசையின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நம்மில் ஒருவர் அமர்ந்திருப்பார். வெளியே, கிரயப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு ஒரு பெரியவர் நிற்பார். அவருக்காக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், தோழர்களே. எழுத வேண்டிய நாள் அதுதான். மனைப்பிரிவின் கற்கள் நட்ட பிறகு எழுதிப் பயனில்லை.