பாழடைஞ்ச ஸ்டேஷன் அவ்வளவு அழகா?

மழை விட்டு வெயில் தணிஞ்சா போதும், வடபழஞ்சியில இருந்து ஆண்டிபட்டி வரைக்கும் கேமராவோட ஆளுங்க வர ஆரம்பிச்சிடுறாங்க. மதுரை-போடி மீட்டர்கேஜ் பாதையோட மிச்சத்தைத் தேடித்தான். ஓடு சரிஞ்ச கட்டடம், கருவேலம் மண்டின மேடு, வேலிக்கு ஊனின தண்டவாளத் துண்டு, எல்லாமே படமாகுது. கூடவே, 'காலம் உறைந்த இடம்'னு ஒரு வரி.

காலம் ஒன்னும் உறையலைங்க. ரயில்தான் நின்னுச்சு.

இந்தப் பாதை 1928-ல வந்தது. 90 கிலோமீட்டர். ஏலக்காய் மலைக்கு அடிவாரத்துல இருக்கிற போடியை மதுரையோட சேர்த்துச்சு. இரண்டாம் உலகப் போர் சமயத்துல தண்டவாளத்தையே பேத்து எடுத்துட்டுப் போனாங்க. 1950-கள்லதான் திரும்பப் போட்டாங்க. அப்புறம் அகலப்பாதை ஆக்குறோம்னு 2010 கடைசியோட ரயிலை நிறுத்தினாங்க. தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாசம், போடிக்கு 2023 ஜூன். கணக்குப் போட்டுப் பாருங்க, பன்னெண்டு வருசத்துக்கு மேல. ஒன்னாப்புல சேர்ந்த புள்ள பள்ளிக்கூடப் படிப்பையே முடிச்சிருக்கும்.

'பழசைப் பதிவு பண்றது தப்பா?'ன்னு கேப்பீங்க. தப்பே இல்ல. ஆனா பதிவுன்னா ஊர் பேரு வேணும், வருசம் வேணும், அந்த மேடையில கூடையோட காத்துக் கிடந்தவங்க சொல்ற கதையும் வேணும். அதெல்லாம் இல்லாம கலரை மட்டும் மங்க வச்சுப் போட்டா, அது எங்க ஊரு இல்ல, உங்க ஏக்கம்.

ஊட்டி மலை ரயிலும் இதே மீட்டர்கேஜ்தான். 2005-ல யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம்னு ஏத்துக்கிச்சு. சந்தோசம். ஆனா சம்சாரி ஏறின ரயிலோட ஸ்டேஷனுக்கு ஒரு பெயர்ப்பலகைகூட மிஞ்சாதா? சுற்றுலா வந்தாத்தான் பாரம்பரியமா?

இன்னொன்னு. 2022-ல தேனி ரயில் விட்டப்ப மதுரைக்கும் தேனிக்கும் நடுவுல மூணே இடத்துலதான் நின்னுச்சு: வடபழஞ்சி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி. சின்ன ஊர்க்காரன் ரயிலைக் கண்ணால பாக்கலாம், ஏற முடியாது. சென்னையில இருந்து போடிக்கு நேரா எக்ஸ்பிரஸ் வருது. எங்க ஊரைத் தாண்டிப் போற சத்தம் மட்டும் எங்களுக்கு. நீங்க புடிக்கிற பாழடைஞ்ச கட்டடமும், ரயில் நிக்காத எங்க ஊரும் வேற வேற கதை இல்ல. ரெண்டும் ஒன்னுதான்.

வாங்க, வேணாங்கல. வரப்பை மிதிக்காம நடங்க, ஓடுற தண்டவாளத்துல நின்னு செல்ஃபி எடுக்காதீங்க. படத்துக்குக் கீழ ஊர் பேரைப் போடுங்க. ரயில் எப்ப நின்னுச்சு, எப்ப வந்துச்சுன்னு எழுதுங்க. கடைசியா, 'இங்க ஏன் ரயில் நிக்கலை?'ன்னு ஒரு வரி சேருங்க. நாங்க கேட்டா மனு. பத்தாயிரம் பேரு பாக்குற உங்க படம் கேட்டா, அது கேள்வி.