ஆசிட் ஊத்துறதுக்கு முன்னாடி, அது என்ன கறைன்னு பாருங்க

ஒரு வெள்ளை ஃபைபர் படகை நினைச்சுக்கோங்க. தண்ணீர் மட்டம் தொடுகிற இடத்தில், படகைச் சுற்றி டீக்கறை மாதிரி ஒரு பழுப்புக் கோடு. அதுக்கு மேலே வெள்ளை வெள்ளையா சொட்டுத் திட்டுகள். சோப்பு போட்டுத் தேய்ச்சாச்சு, போகல. இப்போ என்ன பண்ணுவீங்க?

"பாத்ரூம் ஆசிட்" என்று உங்களில் பாதிப் பேர் மனசுக்குள் சொல்லியிருப்பீங்க. படகுத்துறைகளிலும் அதைத்தான் ஊத்துறாங்க. அது தப்பான பதில் என்பது என் கட்சி. படகுக்கும் தப்பு, ஊத்துற கைக்கும் தப்பு. அது ஏன் தப்பு என்று சொல்லத் தேவையான கெமிஸ்ட்ரி முழுக்க நம்ம முதல் வருஷப் புத்தகத்தில் இருக்கு. அந்த EDTA டைட்ரேஷன் ஞாபகம் இருக்கா? ஒயின் சிவப்பு நிறம் நீலமா மாறும் வரை சொட்டுச் சொட்டா விட்டோமே, அதே 'ஹார்ட்னஸ்'தான் இந்தப் படகில் வெள்ளைத் திட்டாக உட்கார்ந்திருக்கு.

முதல் விஷயம், கறை என்பது ஒரே பொருள் இல்லை. வெள்ளைத் திட்டு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். போர் தண்ணியில் படகைக் கழுவி வெயிலில் காயவிட்டால் தண்ணீர் ஆவியாகிப் போயிடும், கால்சியம் தங்கிடும். இது கரைய வினிகர் போதும். துணியை வினிகரில் நனைச்சு அந்த இடத்தில் கால் மணி நேரம் ஒட்டி வைங்க. சின்னச் சின்னக் குமிழ் வந்தால் ஆள் யாருன்னு தெரிஞ்சு போச்சு.

பழுப்புக் கோடு வேற ஜாதி. அது இரும்பு, இல்லைன்னா டானின், பல நேரம் இரண்டும் சேர்ந்தது. டானின் என்பது இலை, பட்டை ஊறின தண்ணியில் இருக்கிற சாயச் சத்து. பிச்சாவரம் மாதிரி அலையாத்திக் காட்டுத் தண்ணியிலும், மரங்கள் சூழ்ந்த மலை ஏரிகளிலும் இது இருக்கும். அதோடு துருப்பிடித்த போல்ட்டிலிருந்து வடியும் இரும்பு சேர்ந்தால் என்ன ஆகும்? கடுக்காயையும் இரும்பு உப்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சுவாங்களே, அதே வினைதான். சுருக்கமா சொன்னா, படகு மேல யாரோ இங்க் கொட்டியிருக்காங்க. சோப்புக்குப் போகாததில் ஆச்சரியம் என்ன?

இதுக்கு வினிகர் உதவாது. ஆக்சாலிக் அமிலம் வேணும். கெமிக்கல் கடையில் வெள்ளைத் தூளாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில் 50 கிராம் கரைச்சுப் பூசி, காய விடாமல் பத்து நிமிஷம் வெச்சால் போதும். ஆக்சலேட் இரும்பைப் பிடிச்சுக் கரையும் காம்ப்ளெக்ஸாக மாத்திடும், கழுவினால் கூடவே போயிடும். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்: இதே ஆக்சாலிக் அமிலத்தை அந்த வெள்ளைத் திட்டு மேல போட்டால் கரையாது. கால்சியம் ஆக்சலேட் ஆகி இன்னும் கெட்டியா உட்காரும். கிட்னி கல்லில் பெரும்பாலும் இருக்கிறதும் அந்தக் கால்சியம் ஆக்சலேட்தான். அதனாலதான் முதலில் கறை என்னன்னு பாருங்கன்னு சொல்றேன். இரண்டு கறையும் இருந்தால் முதலில் வினிகர், நல்லாக் கழுவி, அப்புறம் ஆக்சாலிக்.

பச்சையா வழவழன்னு இருந்தால் அது பாசி, சோப்பும் பிரஷும் போதும். கறுப்புத் துணியால் தேய்க்கும்போது துணியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டினால் அது கறையே இல்லை. வெயிலில் படகின் மேல்பூச்சு உதிர்கிறது. எந்த அமிலமும் அங்கே செல்லாது, பாலிஷ்தான்.

"எதுக்கு இவ்வளவு? ஹைட்ரோகுளோரிக் ஊத்தினா எல்லாமே போயிடுதே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கால்சியமும் போகும், துருவும் போகும், உண்மைதான். கூட என்னென்ன போகுது என்பதுதான் பிரச்சினை.

ஃபைபர் படகின் வெளியே தெரிகிற பளபளப்புக்கு ஜெல்கோட் என்று பேர். சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன், அவ்வளவுதான். அதுக்குப் பின்னாடி கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும். ஆசிட் பட்டதும் ஜெல்கோட் கரைஞ்சிடாது, அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. மேலே இருந்த மெழுகுப் பூச்சு முதலில் காலி. அதனால் அடுத்த கறை இன்னும் சீக்கிரம் பிடிக்கும். கீறல் இருந்தால் அமிலம் உள்ளே போய்க் கண்ணாடி இழையைத் தாக்கும். படகுக்குப் பலம் கொடுக்கிறதே அந்த இழைதான். ஆசிட்டில் இருக்கிற குளோரைடு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டிலும் குழி விழ வைக்கும். அந்தக் குழியிலிருந்து துரு வடியும். துரு மறுபடியும் பழுப்புக் கறை ஆகும். மறுபடியும் ஆசிட். கடையில் விற்கிற மஞ்சள் ஆசிட்டுக்கு அந்த மஞ்சள் நிறமே அதில் கலந்திருக்கிற இரும்பால்தான் வருது என்பது இதில் ஒரு கூடுதல் காமெடி.

இதுவரை சொன்னது படகு. படகு போனால் இன்னொரு படகு வாங்கலாம்.

போன செமஸ்டரில் ஐ.வி. முடிச்சுத் திரும்பும்போது ஒரு படகுத்துறையில் இறங்கினோம். எந்த ஊர் என்பது வேண்டாம். கரையில் கவிழ்த்துப் போட்ட படகுப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒருத்தர் தேய்ச்சுக்கிட்டு இருந்தார். கையுறை இல்லை, கண்ணாடி இல்லை, கால் வெறும் கால். பக்கத்தில் ஒரு வாளி பிளீச்சிங் பவுடர் கரைசல், ஒரு கேன் ஆசிட். "அண்ணா, ரெண்டும் எதுக்கு?" என்று கேட்டேன். "பாசிக்கு பவுடர் தம்பி, உப்புக்கு ஆசிட். முதல்ல அது, அப்புறம் இது" என்றார். இடையில் கழுவுவீங்களா என்றதுக்கு, தண்ணி தூக்கிட்டு வரணுமே என்று சிரித்தார். கொஞ்சம் மூக்கு எரியும், பழகிடும் என்றார்.

அந்த மூக்கெரிச்சல் என்ன? பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். வினிகர் சேர்ந்தாலும் வரும். குளோரின் காற்றை விட சுமார் இரண்டரை மடங்கு கனம். மேலே பறந்து போகாது, தரையோடு படுக்கும். குந்தி உட்கார்ந்திருக்கிறவரின் முகம் எங்கே இருக்கு? அதே உயரத்தில்தான். படகின் உள்பக்கத்தைக் கழுவ உள்ளே இறங்கினால் இன்னும் மோசம், படகே ஒரு தொட்டி ஆகிடும்.

அவர் செய்ததைக் குறை சொல்ல எனக்கு வாய் வரல. கறை எப்படிப் பிடிக்குது, எந்த மாசம் அதிகம் என்று அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. அவர் 'உப்பு' என்கிறார், நாம் கால்சியம் கார்பனேட் என்கிறோம். கேனை வாங்கிக் கொடுத்த நிர்வாகம் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுக்கல. கேன் மேல் எச்சரிக்கை ஆங்கிலத்தில். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்ச எனக்கே அதைக் கண்ணைச் சுருக்கித்தான் படிக்க முடிஞ்சது, எழுத்து அவ்வளவு சின்னது.

ஆக்சாலிக் அமிலமும் சாதுவானது இல்லை, வயிற்றுக்குள் போனால் விஷம். கையுறை, கண்ணாடி அதுக்கும் வேணும். தூளைக் காற்றடிக்கிற இடத்தில் கொட்டக் கூடாது. படகைத் தண்ணியிலிருந்து கரையேற்றித்தான் இந்த வேலையைச் செய்யணும், கழுவின தண்ணியை ஏரியிலோ காயலிலோ நேராக விடக் கூடாது. கொஞ்சம் ஆப்ப சோடா போட்டுப் பொங்குவது நின்ற பிறகு, தண்ணீர் நிலையிலிருந்து தள்ளி ஊத்தலாம். கம்பி நார் வேண்டவே வேண்டாம், அதிலிருந்து உடையும் இரும்புத் துணுக்கு ஜெல்கோட்டில் சிக்கி அங்கேயே துருப்பிடிக்கும். எல்லாம் காய்ந்ததும் கார் வேக்ஸ் ஒரு பூச்சு. இதைத் தவறாமல் செய்தால் அடுத்த முறை சோப்பிலேயே பாதிக் கறை வந்துடும்.

இந்த வருஷம் நம்ம காலேஜ் ப்ராஜெக்ட் லிஸ்ட்டைப் பார்த்தேன். ட்ரோன் வெச்சு கப்பலின் கறையைக் கண்டுபிடிக்கிற டீப் லேர்னிங் மாடல் ஒன்று இருக்கு. பண்ணுங்க, நல்லா பண்ணுங்க. கறை எங்கே இருக்குன்னு அந்த அண்ணாவுக்கு ட்ரோன் இல்லாமலே தெரியும். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம், தமிழில், படத்தோட, தண்ணி பட்டாலும் கிழியாத லேமினேஷனில். வெள்ளைக்கு இது, பழுப்புக்கு இது, பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் கூடாது. இதுக்கு ரிவ்யூவில் மார்க் விழாது, பேப்பரும் வராது. அதனால் யாரும் பண்ண மாட்டோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

வாசகத்தை எழுதி வெச்சிருக்கேன், கெமிஸ்ட்ரி மேடம் ஒருத்தர் சரிபார்த்தும் கொடுத்துட்டாங்க. படம் வரையத்தான் ஆள் இல்லை. கை ஓடுறவங்க யாராவது இருந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மெக்கானிக்கல் பிளாக் படிக்கட்டுப் பக்கம் வாங்க.