சொரசொரப்பின் பக்கம் நின்று

பழைய ஆர்கேட் விளையாட்டுப் பெட்டிகளைச் செப்பனிடுவோரிடையே ஒரு நோய் பரவியிருக்கிறது. அதன் பெயர் பளபளப்பு. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கத் தொழிற்சாலையொன்றில் பிறந்த பெட்டி கையில் கிடைத்ததும் உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, முகம் பார்க்கும்படி மின்னும் கறுப்பை அடித்துவிட்டு, 'புதியதைவிடப் புதியதாக்கிவிட்டோம்' என்று மார்தட்டுகிறார்கள். புதியதைவிடப் புதியது எதுவாயினும் அது பழையது அன்று என்பதே நம் கட்சி.

அக்காலப் பெட்டிகள் பலவற்றில் காசு போடும் எஃகுக் கதவைத் தடவிப் பாருங்கள். விரலுக்குச் சிறு சிறு பொரிகள் தட்டுப்படும். அது பூச்சுக்காரரின் கவனக்குறைவு அன்று. சாவியும் நாணயமும் உரசும் இடத்தில் கீறலை மறைக்கவும், கைரேகையையும் பற்றவைத்த வடுவையும் காட்டாதிருக்கவும் அந்தச் சொரசொரப்பு உதவியது. மங்கிய கறுப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. இருண்ட கூடத்தில் அது ஒளியை எதிரடிக்காமல் விழுங்கி, கண்ணைத் திரையிலேயே நிறுத்தியது. அதை வழவழப்பாக்குகிறவர் அழகைக் கூட்டவில்லை. ஒரு காரணத்தை அழிக்கிறார்.

'அந்தப் பூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியாது' என்பது அடுத்த சாக்கு. முடியும், பொறுமைதான் வேண்டும். முதலில் எந்த இனம் என்று அறிய வேண்டும். சுருக்கப் பூச்சு ஒன்று உண்டு: மேல்தோல் முந்தி உலர, அடியிலிருக்கும் ஈரம் அதை மடித்துவிடுவதால் உண்டாவது. தூறல் பூச்சு வேறு: வழவழப்பாக ஒரு கை அடித்து, பிறகு காற்றழுத்தத்தைக் குறைத்து, ஸ்ப்ரே கன்னைச் சற்று எட்டப் பிடித்தால், துளிகள் பரவாமல் பொட்டுப் பொட்டாக உட்காரும். தின்னர் கூடினால் பொரி கரைந்து தட்டையாகும். குறைந்தால் மணல் கொட்டியதுபோலாகும். ஆகவே கதவில் அடிப்பதற்கு முன் பழைய தகரத்துண்டுகளில் அடித்துப் பார்த்து, மூலத்தின் அருகே வைத்து ஒப்பிட வேண்டும். ஒரே டப்பாவை எல்லாப் பெட்டிக்கும் அடிப்பவர் இதில் எதையும் செய்வதில்லை.

பளபளப்பே கூடாது என்று நாம் சொல்லவில்லை. 1971-இல் வந்த 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' பெட்டியின் கண்ணாடியிழை உடல் மினுமினுப்பதற்காகவே செய்யப்பட்டது. அங்கே மினுமினுப்புதான் உண்மை. 1980-இல் மிட்வே நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட 'பேக்-மேன்' பெட்டியிலோ மஞ்சள் பக்கப் பலகையின் ஓவியம் ஸ்டென்சில் வைத்து அடிக்கப்பட்டது. அதன் மேல் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளை ஒட்டுகிறவர் எதைக் காப்பாற்றினார்?

'விளையாடத்தானே பெட்டி, பூச்சை யார் பார்க்கிறார்கள்?' என்பாரும் உளர். யாரும் பார்க்கவில்லையென்றால் இத்தனை உப்புத்தாள் எதற்கு?

எதிர்முனைக்காரரையும் நாம் விடுவதற்கில்லை. சொரசொரப்பை மீட்கிறேன் என்று, நன்றாயிருக்கும் மூலப் பூச்சையும் உலோகம்வரை சுரண்டிவிட்டுப் புதிதாகப் பொரி அடிக்கிறார்கள். துருவேறிய கதவைச் சுரண்டித்தான் ஆக வேண்டும்; மற்றதை ஏன்? ஊகம் தொடங்குமிடத்தில் மீட்பு நின்றுவிட வேண்டும் என்றும், புதிதாகச் சேர்த்தது பழையதோடு இசைந்தும் அதே வேளை வேறென்று தெரியும்படியும் இருக்க வேண்டும் என்றும் 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் கூறியது. நினைவுச்சின்னங்களுக்குச் சொன்னதுதான்; விளையாட்டுப் பெட்டிக்கும் பொருந்தும்.

நாம் கேட்பது அதிகமில்லை. கதவின் உட்புறத்தில் உள்ளங்கையளவு மூலப் பூச்சைத் தொடாமல் விடுங்கள். என்ன அடித்தீர்கள், எந்த ஆண்டில் அடித்தீர்கள் என்று அதனருகே எழுதி வையுங்கள். பாடத்தைத் திருத்திய பதிப்பாசிரியர் மூலப் பாடத்தை அடிக்குறிப்பில் தருவதில்லையா? அந்த நேர்மை போதும். நாளை இன்னொருவர் நம்மைத் திருத்த வழி வேண்டும். பளபளப்பு அந்த வழியைத்தான் முதலில் அடைக்கிறது.