ஊருக்காக ஒரு வழக்கு



‘தோல் ஷாப் தண்ணி’, அதாவது தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர், என்றால் திண்டுக்கல்லில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். ஒரு கிலோ தோல் பதமாக ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றமே அந்தக் கழிவுநீர் வழக்கின் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் குறித்திருக்கிறது. வழக்குப் போட்டவர்கள் வேலூர்க்காரர்கள். ஆனாலும் திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதத்தை அந்தந்தக் கலெக்டர் ஆபீசில் கட்ட வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கணக்கிட ஆணையம் அமைய வேண்டும் என்று உத்தரவானது. டில்லிப் பக்கமே போகாத நம்மூர் விவசாயிக்கும் அந்த இழப்பீட்டில் பங்கு உண்டு.

அது பொதுநல வழக்கு. உள்ளூர்க் கோர்ட்டிலேயே பலருக்காகச் சிலர் வழக்காட இன்னொரு வழி இருக்கிறது: உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 1, விதி 8. கண்மாய் வரத்துக் கால்வாய்க்கும் வண்டிப்பாதைக்கும் ‘ஊர்ப் பொதுமக்கள் சார்பாக’ நாலு பேர் போடும் வழக்கு இதன்கீழ்தான் வரும். முதலில் கோர்ட் அனுமதி வேண்டும். பிறகு சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நோட்டீஸ். ஆட்கள் அதிகமென்றால் பத்திரிகை விளம்பரம்.

பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் வருமே, அந்த விளம்பரம்தான். ராசிபலன் பார்க்கும் நேரத்தில் பாதியை அதற்குக் கொடுங்கள். வழக்கு உங்கள் ஊருக்காக என்றால், வாய் திறக்காமல் இருந்தாலும் தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்தும். அமெரிக்காவில் இழப்பீடு கேட்கும் கூட்டு வழக்குகளில் ‘நான் வரவில்லை’ என்று பெரும்பாலும் விலகிக்கொள்ளலாம். இங்கே, உள்ளே வந்து பேச மனுப் போடலாம். அந்த நாலு பேர் எதிர்த்தரப்போடு கமுக்கமாகச் சமரசம் செய்துகொள்ளவும் முடியாது. அதற்கும் எல்லோருக்கும் நோட்டீஸ் போக வேண்டும்.

பலருக்காகச் சிலர் வழக்காடும் இந்த வசதி நுகர்வோருக்கும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் உண்டு. ஆனால் குறை ஒன்றாக இருக்க வேண்டும். 1,134 வீடுகள் கொண்ட பெங்களூரு அடுக்குமாடி ஒன்றில் 91 பேர் எல்லோர் சார்பாகவும் புகார் செய்தார்கள். எல்லோருக்கும் ஒரே குறை என்பதைப் புகாரில் காட்டவில்லை என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2021-ல் அதை அந்த 91 பேரின் கூட்டுப் புகாராக மட்டும் ஏற்றது.

செலவு? ‘ஜெயித்தால் இத்தனை பங்கு’ என்று அமெரிக்க வக்கீல் பேசிக்கொள்ளலாம். நம் வக்கீல்களுக்கு அது தடை. இந்த வழக்குகள் இங்கே அதிகம் வராததற்கு அதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம். ஆகவே திருவிழாவுக்குப் போல இதற்கும் ஊர் வரிதான். வசூல் நோட்டை யார் கையில் கொடுப்பது என்பதை மட்டும் வழக்குக்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்