நம்ம ஊரணியில் கத்துறது யாரு?

2018 நவம்பர். கஜா புயல் அடிச்சு ஓய்ஞ்சிருந்த நேரம். திருவரங்குளத்தில் எங்க தெருவுக்குக் கரண்ட் வர ரொம்ப நாள் ஆச்சு. ஃபேன் இல்லை, டி.வி. இல்லை, மோட்டார் சத்தம் இல்லை. நான் அப்போ எட்டாவது. ராத்திரி திண்ணையில் படுத்திருந்தப்போதான் ஊரணிச் சத்தத்தை முதல் தடவையா முழுசாகக் கேட்டேன். எல்லாம் ஒரே இரைச்சல்னு நெனச்சேன். பக்கத்தில் படுத்திருந்த அப்பாயி, "ஒண்ணு இல்லடா, நல்லாக் கேளு, நாலஞ்சு விதமாக் கத்துது பாரு"ன்னு சொன்னாங்க.

காதைக் கொடுத்துக் கேட்டேன். உண்மைதான். ஒண்ணு ஆடு கனைக்கிற மாதிரி. ஒண்ணு மரக்கட்டையைத் தட்டுற மாதிரி. இன்னொண்ணு சில்வண்டு மாதிரி விடாம ஒரே சுருதியில். "அதுக்கெல்லாம் பேரு என்ன அப்பாயி?" என்றேன். "தவளைதான். வேற என்ன பேரு?"

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியதுதான். அப்பாயி காதுக்கு வித்தியாசம் தெரியுது. ஆனா பேர் இல்லை. நமக்குப் பேரும் தெரியாது, வித்தியாசமும் தெரியாது.

"புதிய தவளை இனம் கண்டுபிடிப்பு"ன்னு செய்தி வந்தா நம்ம மனசில் வர்ற படம் என்ன? மேற்குத் தொடர்ச்சி மலை, அட்டைக்கடி, தலையில் டார்ச். அது தப்பில்லை. டெல்லி பல்கலைக்கழகத்தின் எஸ்.டி.பிஜு, பெல்ஜியத்தின் ஃபிராங்கி பொசைட்டோடு சேர்ந்து 2003-ல் அறிவித்த ஊதாத் தவளை (நாசிகாபட்ராகஸ் சஹ்யாட்ரென்சிஸ்) உலகத்தையே திரும்பிப் பார்க்க வெச்சது. வருஷம் பூரா மண்ணுக்குள்ளேயே இருந்துட்டு, மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் இணை சேர வெளியே வரும் ஜீவன் அது. அதன் நெருங்கிய உறவுத் தவளைகள் இருப்பது இந்தியப் பெருங்கடலுக்கு நடுவில், செஷல்ஸ் தீவுகளில். பிஜுவும் சோனாலி கர்கும் இருந்த குழு 2017-ல் ஒரே கட்டுரையில் 7 புதிய இராத்தவளைகளை விவரித்தது. அதில் நாலு, கட்டைவிரல் நகத்தில் உட்கார்ற அளவு. பூச்சி மாதிரிக் கத்துறதால இத்தனை நாள் யாரும் கவனிக்கலை.

நம்ம பக்கத்திலும் ஒரு கதை இருக்கு. ஊதாத் தவளைக்கு ஒரு சகோதரன், மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிடைத்தது. 2017-ல் அதற்கு நாசிகாபட்ராகஸ் பூபதி என்று பேர் வெச்சாங்க. கோவை சலீம் அலி பறவையியல் மையத்தில் வேலை பார்த்த ஊர்வன ஆய்வாளர் எஸ்.பூபதி, 2014-ல் அகத்தியமலையில் களப்பணியின்போது நடந்த விபத்தில் இறந்தவர். அவர் நினைவாக அந்தப் பேர். கேரளப் பக்கத்துத் தவளை தென்மேற்குப் பருவமழையில் வெளியே வரும். இது நம்ம மழையான வடகிழக்குப் பருவமழைக்கு வரும். தலைப்பிரட்டை, குரல், டி.என்.ஏ. மூன்றையும் வெச்சுத்தான் ரெண்டும் வேறன்னு காட்டினாங்க.

சரி, மலையில் இவ்வளவு நடக்குது. சமவெளியில்?

இங்கேதான் எனக்கு ஆதங்கம். நம்ம குளத்தங்கரைத் தேரை, தண்ணி மேலே தத்தித் தத்திப் போற தவளை, பலூன் மாதிரி உப்புற தவளை, மண்ணைத் தோண்டிப் புதையுற தவளை — இந்த நாலுக்கும் அறிவியல் பேர் வெச்சது ஒரே ஆள், ஒரே வருஷம். 1799-ல் யோஹான் காட்லோப் ஷ்னைடர். அவர் ஜெர்மனியில் இருந்த கிரேக்க, லத்தீன் அறிஞர். கப்பலில் போய்ச் சேர்ந்த, சாராயத்தில் ஊறின மாதிரிகளைப் பார்த்து எழுதினார். தேரைக்கு அவர் கொடுத்த முகவரி "கிழக்கிந்தியா". அவ்வளவுதான்! எந்த ஊர், எந்தக் குளம், எப்படிக் கத்தும், ஒண்ணும் கிடையாது. இருநூறு வருஷத்துக்கு மேல ஆகியும் நம்ம ஊர்த் தவளைக்கு "சாதாரணத் தவளை"ன்னு முத்திரை குத்தி அந்தப் பேரையே ஒட்டிக்கிட்டு இருக்கோம்.

ஒரு பேருக்குள் ரெண்டு மூணு இனம் ஒளிஞ்சிருக்க வாய்ப்பு இருக்கா? இருக்கு. மற்ற ஊர்கள்ல நிரூபிச்சுட்டாங்க. 2018-ல் மங்களூரு நகரத்துக்குள்ளேயே ஒரு சின்னத் தவளை கிடைச்சது. ஊரின் கொங்கணிப் பேரையே வெச்சு மைக்ரோஹைலா கொடியால் என்று எழுதினாங்க. 2020-ல் பெங்களூரு புறநகரில், தரிசு நிலத்தில் மண் தோண்டும் தவளை ஒண்ணு. பேர் ஸ்ஃபேரோதீகா பெங்களூரு. அமெரிக்காவில் நியூயார்க் நகரப் பகுதியிலேயே ஒரு தவளை, கத்துற விதம் வேற மாதிரி இருக்கேன்னு ஒருத்தர் சந்தேகப்பட்டதில் தொடங்கி, 2014-ல் புது இனமாக அறிவிக்கப்பட்டது. அத்தனை கோடி மக்கள் புழங்குற இடத்தில்!

மண் தோண்டும் தவளை நம்ம செம்மண் காட்டிலும் இருக்கு. மணலுக்குள் மறைந்து கிடக்கும் இந்த மாதிரித் தவளையை நுணல் என்று பழமொழி நானூறு காலத்திலேயே தனியாகப் பிரிச்சுப் பேர் சொல்லி இருக்காங்க. அந்தப் பார்வையை நாமதான் இடையில் எங்கேயோ தொலைச்சுட்டோம்.

இப்போ ஒரு எச்சரிக்கை. "வாங்கடா, போய் ஒரு தவளையைப் பிடிச்சுப் பேர் வெப்போம்"னு நான் சொல்லலை. புது இனம்னு அறிவிக்கிறது இன்ஸ்டாவில் போஸ்ட் போடுற வேலை இல்லை. முதலில் வனத்துறை அனுமதி வேணும். பிறகு ஒரு மாதிரியை அருங்காட்சியகத்தில் எண் போட்டு வைக்கணும். அதுக்கு மூலமாதிரின்னு பேர். நம்ம பாஷையில் சொன்னா, 2019 வரைக்கும் பாரிஸ் பக்கத்தில் பூட்டி வெச்சிருந்த கிலோகிராம் எடைக்கல் மாதிரி. எதிர்காலத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதோடுதான் ஒப்பிடணும். அப்புறம் மூக்கு நுனியிலிருந்து பின்பகுதி வரை நீளம், கால் எலும்பு நீளம், விரல்களுக்கு நடுவில் சவ்வு எவ்வளவு, எல்லாத்தையும் வெர்னியரில் அளக்கணும். டி.என்.ஏ.வின் ஒரு துண்டைப் படிச்சு உறவு இனங்களோடு ஒப்பிடணும். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் கிடக்கும் பழைய மாதிரிகளைப் போய்ப் பார்க்கணும். ஏன்னா, நூறு வருஷம் முன்னாடி யாரோ அதுக்கு ஏற்கெனவே பேர் வெச்சிருக்கலாம். இதுக்கெல்லாம் வருஷக்கணக்கு ஆகும். அந்த ஏழு இராத்தவளைக்கு அஞ்சு வருஷக் களப்பணி.

ஆனா இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி ஒண்ணு இருக்கு: "இந்தக் குரல் வேற மாதிரி இருக்கே"ன்னு ஒருத்தருக்குச் சந்தேகம் வரணும். அந்தச் சந்தேகம் வர்ற அளவுக்கு ஊர் ஊராப் பதிவு இருக்கணும். அந்த வேலைக்குப் பட்டம் வேணாம். காது வேணும், மழை ராத்திரியில் வெளியே போற பொறுமை வேணும். மைக் நம்ம எல்லார் பாக்கெட்டிலும் இருக்கு. தவளைக் குரல் பெரும்பாலும் 10 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேதான். நம்ம போன் 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவு பண்ணுது. நைக்விஸ்ட் விதி படிச்சவனுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டியதில்லை.

போன வருஷம் மினி ப்ராஜெக்ட்டுக்கு இதைத்தான் கேட்டேன். தவளைக் குரலை ஸ்பெக்ட்ரோகிராமா மாத்திப் பிரிக்கிறது. "இதுக்கு மார்க்கெட் என்னப்பா?" என்றார்கள். கடைசியில் நாங்க பண்ணினது ஆட்டோமேட்டிக் தெருவிளக்கு. எங்களுக்கு முன்னாடி மூணு பேட்ச் பண்ணின அதே தெருவிளக்கு. கோபமில்லை, அவங்களுக்கும் ரிவ்யூவில் பதில் சொல்லணும். ஆனா டி.எஸ்.பி. லேபில் சைன் அலையையே திரும்பத் திரும்ப ஃபோரியர் போட்டுப் பார்க்கிறோமே, அந்த இடத்தில் ஊரணித் தவளை இருந்தா என்ன குறைஞ்சிடும்?

"பேர் வெச்சா என்ன கிடைக்கும்? அது பாட்டுக்குக் கத்தட்டும்"னு என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. ரெண்டு பதில் இருக்கு.

ஒண்ணு, இலங்கை. அங்கே புதர்த்தவளைகள்ல பல இனங்களை அருங்காட்சியகத்துப் பழைய மாதிரிகளில் இருந்துதான் அடையாளம் கண்டாங்க. தேடிப் போனா காட்டில் இல்லை. பேர் வைக்கும்போதே அது அழிஞ்சு போன இனம். 2023-ல் நேச்சர் இதழில் வந்த உலகக் கணக்குப்படி, மதிப்பிட்ட நீர்நில வாழ்வனவற்றில் 40.7 சதவீதம் ஆபத்தில் இருக்கு. பேரே இல்லாதது அந்தக் கணக்கிலும் வராது.

ரெண்டு, அரிட்டாபட்டி. மதுரைப் பக்கத்து அந்த ஊரில் சுமார் 250 வகைப் பறவைகள் இருக்குன்னு பட்டியல் இருந்தது. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆச்சு. 2024-ல் டங்ஸ்டன் சுரங்கம் வருதுன்னதும் மக்கள் திரண்டாங்க. 2025 ஜனவரியில் ஏலம் ரத்து. ஜெயிச்சது மக்கள் போராட்டம்தான். ஆனா "இங்கே என்ன இருக்கு?"ன்னு கேட்டவங்களுக்கு எடுத்து நீட்ட அவங்க கையில் ஒரு பட்டியல் இருந்தது. நாளைக்கு நம்ம ஊரணியைத் தூர்த்து மனை போட்டா, நாம எதை நீட்டுவோம்?

இதுக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கு. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதணும். நம்ம என்.எஸ்.எஸ். முகாமில் வருஷா வருஷம் சீமைக்கருவேலம் வெட்டுறோம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். அதோட ரெண்டு ராத்திரி தவளைக் குரல் பதிவு பண்ணிப் பதிவேட்டுக்குக் கொடுத்தா என்ன? பக்கத்து வம்பனைப் பாருங்க. பயறு ஆராய்ச்சி மையம் இருப்பதால "வம்பன் 8" உளுந்துன்னு அந்தச் சின்ன ஊர் பேர் எங்கெங்கேயோ விதையோடு போகுது. யாரோ உட்கார்ந்து விதையைப் பிரிச்சு, எண் போட்டு, எழுதி வெச்சதால வந்த பேர் அது.

நாம பதிவு பண்றதில் புது இனம் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. பழைய இனமே இங்கே இருக்குன்னு தெரிஞ்சாலும் அது லாபம்தான்.

இந்த ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்ஞ்ச ராத்திரி, ஏழரை மணிக்கு, நானும் ரூம்மேட்டும் எங்க ஊரணிக் கரையில் இருப்போம். வர்றவங்க டார்ச்சும் செருப்புக்குப் பதில் ஷூவும் கொண்டு வாங்க, பாம்பு உண்டு. தவளையைத் தொட வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். பதிவை வேவ் கோப்பாக வைங்க, வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் வேண்டாம், அது சத்தத்தை நசுக்கிடும். தேதி, நேரம், இடம், வெப்பநிலை எழுதுங்க. குளிர்ந்தா கத்துற வேகம் மாறும்.

அப்பாயியும் திண்ணையில் இருப்பாங்க. எத்தனை விதம்னு எண்ணினதும் அவங்ககிட்ட ஒரு தடவை சரி பார்த்துக்கலாம்.