பழி பெற்றவள் மேல் மட்டுமா?

சில மாதம் வரை சிரித்து விளையாடின குழந்தைக்குத் திடீரென்று ஓயாத அழுகை, விட்டு விட்டுக் காய்ச்சல். நின்ற தலை நிற்காமல் போகிறது. சோதித்துப் பார்த்தால் கிருமியே இல்லை! உடனே, "வயிற்றுப் பிள்ளையோடு கண்டதைத் தின்றாள், கிரகணத்தில் வெளியே போனாள்" என்று பெற்றவள் மேல் பாய்வார்கள். இது எத்தனை அநியாயம் பாருங்கள், சகோதரிகளே.

1984-ல் பிரான்ஸ் நாட்டு டாக்டர்கள் ஐகார்டி, குத்தியேர் இருவரும் 8 குழந்தைகளிடம் இந்த நோயைக் கண்டு எழுதினார்கள். கர்ப்பத்தில் கிருமி தாக்கினாற்போல மூளையில் சுண்ணாம்புப் படிவு இருந்தது. ஆனால் கிருமி இல்லை. முக்கியக் காரணம் ஒன்று தெரிய 2006 ஆகிவிட்டது.

நம் உடம்பின் செல்லில் உள்ள டி.என்.ஏ., பாட்டி காலத்துச் சமையல் குறிப்பு நோட்டு மாதிரி. ஆர்.என்.ஏ., அன்றைய சமையலுக்கு அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும் துண்டுச் சீட்டு. செல் இரண்டாகும் முன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கணும் இல்லையா? அப்போது ஆர்.என்.ஏ.வுக்கான துணுக்குகளும் அதில் கலந்துவிடும். எலியின் ஒரே ஒரு செல்லில் 10 லட்சத்துக்கு மேல் கலக்கிறதாம்!

அரிசியில் கல் பொறுக்குகிறோமே, அந்த வேலையைச் செய்வது 'ஆர்.என்.ஏஸ் எச்-2' என்ற என்ஸைம். தப்பான துணுக்கு இருக்கும் இடத்தில் வெட்டிவிடும். மற்ற என்ஸைம்கள் அதை நீக்கி, சரியானதை வைத்து அடைக்கும். டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்ட ஆர்.என்.ஏ.வையும் இதுவே நறுக்கித் தள்ளும்.

இந்த என்ஸைம் பழுதானால் டி.என்.ஏ. கெடுகிறது. உடம்போ வைரஸ் வந்துவிட்டதென்று நினைத்து 'இன்டர்ஃபெரான்' என்ற பொருளைச் சுரந்து சண்டைக்கு நிற்கிறது. ஓயாத அந்தச் சண்டையில் அடிபடுவது குழந்தையின் மூளை.

இந்த என்ஸைம் பழுது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் நோய். அவர்கள் இருவரும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். அதனால் முன்கூட்டித் தெரியாது. அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் 4-ல் 1 பங்கு வாய்ப்பு. அத்தை மகன், தாய்மாமன் என்று உறவுக்குள் கல்யாணம் செய்தால், இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுதல்.

முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆகையால் உங்கள் குடும்பத்திலோ, அக்கம்பக்கத்திலோ காரணம் தெரியாமல் குழந்தை இப்படி நலிந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே பெரிய ஆஸ்பத்திரியில் மரபியல் ஆலோசனை கேட்கச் சொல்லுங்கள். மனைவியை மட்டும் அனுப்பக் கூடாது. கணவரும் கூடவே போகணும்.