முன்பதிவுப் பொத்தானில் கை வைக்காதீர்கள்!

தோழர்களே! கேம் அடிக்கிற தம்பிமாரே, தங்கச்சிமாரே!

புளியந்தீவில், கல்லடியில், காத்தான்குடியில், ஏறாவூரில் இருக்கிறவர்களுக்கும், வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் சிக்னல் தேடி மதிலில் ஏறிக் குந்தியிருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த அழைப்பு. கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 6 வருகிறது. ராக்ஸ்டார் சொல்லியிருக்கிற நாள் 2026 நவம்பர் 19. "மச்சான், நான் புக் பண்ணிட்டன், நீ?" என்று குரூப்பில் ஸ்கிரீன்ஷொட் விழுந்த பிறகு பேசிப் பயனில்லை. இப்போதே பேசுவோம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். பெரிய கேம் ஒன்றின் விலை நெடுங்காலமாக 60 டொலர். 2020இல் 70 ஆக்கினார்கள், முணுமுணுத்துக்கொண்டே வாங்கினோம். 2025 ஜூனில் நின்டெண்டோ மாரியோ கார்ட் வேர்ல்டை 80 டொலருக்கு இறக்கியது. அதற்கும் வரிசை நின்றது. அந்த வருடத் தொடக்கத்திலேயே மத்யூ போல் என்ற ஆய்வாளர், ஜிடிஏ 6 இன் விலை 80 முதல் 100 டொலர் வரை போகட்டும் என்று கேம் தயாரிப்பாளர்கள் சிலர் ஆசையோடு காத்திருப்பதாக எழுதினார். அது ஏறினால் அதன் வாலைப் பிடித்துத் தாங்களும் ஏறலாம் என்ற எண்ணம்.

டொலர் 300 ரூபாய் என்றே வைப்போம். 80 டொலர் கேம் 24,000 ரூபாய். 2026 ஜனவரியில் இருந்து நம் இலங்கையின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000. விடியுமுன்னே தோணி தள்ளி இறாலுக்குப் போகிற அப்பாவின் எத்தனை நாள் உழைப்பு அது என்று அவரவர் வீட்டில் கணக்குப் பாருங்கள். 2022இல் டொலர் 200இல் இருந்து 360க்கு எகிறியபோது, எந்தக் கம்பனியும் விலையைக் கூட்டாமலே நமக்கு விலை கிட்டத்தட்ட இரட்டிப்பானது. அந்த வருடத்தை நாம் மறக்கவில்லை.

"நாம என்னடா, நாலு பொடியன்மார். நமக்காக விலை குறையுமா?" என்று கேட்கிறவனுக்குப் பதில் இருக்கிறது. தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2 கேமுக்கு மைக்ரோசொஃப்ட் 80 டொலர் என்று அறிவித்தது. சனம் முறைத்தது. 2025 ஜூலையில் 70க்கு இறங்கினார்கள், முன்பதிவுக் காசையும் திருப்பிக் கொடுத்தார்கள். சந்தை நிலைமையாம் காரணம். அந்தச் சந்தையில் நிற்கிறது நீங்களும் நானும்தானே!

நமக்கே நடந்ததையும் பாருங்கள். 2024 மே மாதம், ஹெல்டைவர்ஸ் 2. கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களும் பிளேஸ்டேஷன் நெட்வேர்க் கணக்குத் திறந்தே ஆக வேண்டும் என்றது சோனி. இலங்கைக்கு அந்தச் சேவையே கிடையாது. காசு கொடுத்து வாங்கிய கேமுக்கு நம்மால் கதவு திறக்க முடியாது. கம்ப்யூட்டர் கேம் விற்கிற ஸ்டீம் கடையில் 177 நாடுகளுக்கான விற்பனையையும் நிறுத்தினார்கள். நடந்தது என்ன? ஒரு வார இறுதிக்குள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை விமர்சனங்கள். ஆட்கள் காசைத் திருப்பிக் கேட்டார்கள். மே 6ஆம் திகதி சோனி அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. விற்பனைத் தடை உடனே நீங்கவில்லை, அது வேறு கதை. ஆனால் வேலை செய்தது என்ன? கோபமும், திரும்பப் போன காசும்.

இனிப் போனில் விளையாடுகிறவர்களிடம் வருகிறேன். நம்மில் அதிகம் பேர் நீங்கள்தான். ஃப்ரீ ஃபயர் இலவசம் என்று சொல்லாதீர்கள். கொமினிகேஷன் கடையில் ஐந்நூறு ரூபாய் நீட்டி, அந்தக் கேமுக்குள் செல்லுகிற காசான டயமண்ட் போட்டுக்கொண்டு வந்து சக்கரம் சுற்றுகிறீர்களே, அதை ஒருநாள் உற்றுப் பாருங்கள். சில சக்கரங்களில் முதல் சுற்று 9 டயமண்ட். அடுத்தது 19. பிறகு 39, 69. இறுதிச் சுற்றுகள் நூற்றுக்கணக்கில். விருப்பமான உடுப்பு கடைசிவரை விழாது. இவ்வளவு போட்டாச்சு, விடவா என்று மனம் பதறும். அந்தப் பதற்றத்துக்குத்தான் விலை. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இலேயே இந்தச் சக்கரம் போலவே என்ன விழும் என்று தெரியாமல் காசுக்கு விற்கிற அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூது என்று தீர்மானித்தது. இங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளை சுற்றுகிறது, நாம் பக்கத்தில் நின்று கைதட்டுகிறோம்.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். கள்ளக் கொப்பி. இந்த ஊரில் பத்து வருடத்துக்கு முன் கேம் வியாபாரம் முழுக்க டிவிடிக் கடையில்தான் நடந்தது. வறுமை ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே வாங்க ஆளில்லை என்று கம்பனிகள் கை கழுவுவதற்கு நாமே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஸ்டீமில் இலங்கை ரூபாயில் விலை இல்லை. தெற்காசியாவுக்கென்று ஒரு டொலர் விலை உண்டு. அதைக் குறைத்து வைப்பதும் வைக்காததும் வெளியிடுகிறவர் விருப்பம். குறைத்து வைத்தவனிடம் வாங்கினால்தான் மற்றவனுக்கும் குறைக்கத் தோன்றும். அவுஸ்திரேலியாவில் ஒரு கைப்பிடி ஆட்கள் செய்த ஹொலோ நைட்: சில்க்சோங், 2025 செப்டெம்பரில் 20 டொலருக்கு வந்தது. வாங்க முண்டியடித்த கூட்டத்தில் ஸ்டீம் கடையே சிறிது நேரம் விழுந்தது. மலிவாகக் கொடுத்தவனைச் சனம் கைவிடவில்லை.

ஆகவே தோழர்களே, வெளிவராத கேமுக்கு ஒரு சதமும் கட்டாதீர்கள். டிஜிட்டல் கேம் தீர்ந்துபோகிற சரக்கு அல்ல. முன்பதிவு செய்யாவிட்டால் கிடைக்காது என்பது வெறும் பயமுறுத்தல். வந்து இரண்டு கிழமை பொறுங்கள், பிழைகளைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஸ்டீமில் வாங்கிய கேம் பிடிக்கவில்லையா? இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்து, வாங்கி 14 நாளுக்குள் கேட்டால் காசு திரும்பும். கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். சக்கரத்துக்கு டயமண்ட் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். தம்பி தங்கச்சிக்கும் போட்டுக் கொடுக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கல்லடிப் பாலத்தடியில் கூடுவோம். யார் யார் எதை வாங்கப் போகிறோம், எதை விடப் போகிறோம் என்று முகம் பார்த்துக் கதைப்போம். வருவதற்கு முன் ஒரு வேலை: பிளே ஸ்டோரிலும் ஸ்டீமிலும் சேமித்து வைத்திருக்கிற வங்கி அட்டையை இப்போதே அழித்துவிடுங்கள். அப்பாவின் அட்டை என்றால் இன்னும் முதலில்.